பெயரும் பட்டறையும்: கைத்துப்பாக்கிக் கம்பனிகளின் உடைமை மாற்றம் குறித்து

1. விசாரணைப் பொருள்

கைத்துப்பாக்கி ஒன்றைக் காசு கொடுத்து வாங்குபவனாயினும் சரி, உத்தியோகத்தின் நிமித்தம் அதைக் கையேற்பவனாயினும் சரி, அதன் குதிரையையும் விசைவில்லையும் கழற்றி, உருக்கின் இயல்பையும் அரம் போட்ட இடங்களின் நேர்த்தியையும் பரிசீலித்து அறியும் வல்லமை உடையவனாயிருப்பது அபூர்வமாதலால், குழலின் மேற் பொறிக்கப்பட்டிருக்கும் பெயரையே பிரமாணமாகக் கொண்டு தன் உயிரை அதனிடம் ஒப்படைக்கிறான். அப்பெயரோ நூற்றைம்பது ஆண்டுகளாக ஓரெழுத்தும் மாறாமல் இருந்துவரலாம். அதன் பாத்தியதை மட்டும் குடும்பத்தவரிடமிருந்து பங்குதாரருக்கும், பங்குதாரரிடமிருந்து வேறொரு தேசத்து நிதி ஸ்தாபனத்துக்கும், அங்கிருந்து பெயரை மாத்திரம் வாங்கி விற்கும் வியாபாரிக்குமாகக் கைமாறிக்கொண்டேயிருக்கும். இவ்வாறு உடைமை மாறும்போது பொருளின் தரத்துக்கு என்ன நேர்கிறது, அதன் கியாதிக்கு என்ன நேர்கிறது, இவ்விரண்டும் ஒரே கதியிற் செல்கின்றனவா என்பதே இக்கட்டுரை விசாரிக்க முற்படும் பொருள்.

யுத்தத்தின் வடு இன்னும் ஆறாத வன்னியிலிருந்து துப்பாக்கியை ஒரு வியாபாரப் பண்டமாக வைத்து எழுதுவது சிலருக்கு ஒவ்வாமற் போகலாம். எனக்கும் அதில் ஒரு கூச்சம் உண்டு. ஆயினும், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் துப்பாக்கியின் வாய்முனையை அறிந்தவர் எண்ணிறந்தோராயிருக்க, அதை ஆக்கி விற்பவரின் கணக்குப் புத்தகத்தைப் பற்றி நம்மிடையே எவரும் பேசியதில்லை. நம் காட்டோரக் கிராமங்களிற் பயிரை நாசமாக்கும் பன்றிக்கு அஞ்சி வைத்திருந்த துவக்குகள் இருவகைப்பட்டன: 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றுப் பிறதேசத்துக் கம்பனியின் முத்திரையோடு வந்தவை ஒன்று, சட்டத்துக்குப் புறம்பாக உள்ளூர்ப் பட்டறையில் உருவாகிய ‘இடியன்’ மற்றையது. இடியனுக்குப் பெயர்ப் பொறிப்பு இல்லை. அது வெடித்துக் கையைக் கொண்டுபோனால் யாரைக் கேட்க வேண்டுமென்பது மட்டும் ஊருக்குத் தெரியும். ஏனெனில் அதைச் செய்தவனும், அந்தப் பட்டறைக்கு உடையவனும், அதனால் வரும் நற்பெயருக்கும் அபகீர்த்திக்கும் உரியவனும் ஒரே ஆள். பெருங்கம்பனியின் சரித்திரம் என்பது இம்மூவரும் படிப்படியாகப் பிரிந்து, ஒருவரையொருவர் அறியாத மூன்று தரப்பினராகிய கதையேயாகும்.

2. நிலவிவரும் இரு அபிப்பிராயங்கள்

இவ்விஷயத்தில் துப்பாக்கிப் பிரியரிடையே வேரூன்றியுள்ள கொள்கை எளியது. ஸ்தாபகரும் அவர் சந்ததியாரும் தம் பெயருக்கு அஞ்சி நேர்த்தியாகச் செய்தார்கள். பின்னர் கணக்கர்களும் முதலீட்டாளரும் வந்தார்கள். அன்று தொடங்கிற்று வீழ்ச்சி. சேகரிப்போர் ஒரு துப்பாக்கியின் இலக்கத்தைக் கொண்டு அது எந்த முதலாளியின் காலத்தது எனக் கண்டறிந்து, அதன்படி விலையைக் கூட்டியும் குறைத்தும் மதிப்பதற்கு இக்கொள்கையே ஆதாரம். இதற்கு நேர்மாறாக, கைத்தொழில் நிர்வாகத்தை ஆராய்வோர் கூறுவது: பழைய குடும்பக் கம்பனிகள் தேய்ந்த இயந்திரங்களோடும் பழகிப்போன வழக்கங்களோடும் முடங்கிக் கிடக்கையில், புதிய உடைமையாளரே முதலையும் முறைமையையும் கொண்டுவந்து அவற்றை உயிர்ப்பிக்கின்றனர் என்பது.

முதற் கொள்கையிற் பெரியதொரு குறை உண்டு. நூறாண்டுக்கு முன் செய்யப்பட்டவற்றுள் நன்றாகச் செய்யப்பட்டவை மாத்திரமே இன்றுவரை எஞ்சியுள்ளன. உடைந்தவையும் துருவேறியவையும் பழைய இரும்போடு போய்விட்டன. எஞ்சியதை மட்டும் கண்டு, அக்காலத்திற் செய்ததெல்லாம் உத்தமம் என்று அனுமானிப்பது தர்க்கமாகாது. இரண்டாவது கொள்கையிலும் குறை உண்டு: கணக்குப் புத்தகத்திற் பதியப்படாத சொத்து ஒன்று, அதாவது தொழிலாளியின் கைப்பழக்கம், அதன் கண்ணுக்குத் தென்படுவதேயில்லை.

3. வெப்லியின் நூற்றாண்டு

பிரித்தானியப் பேரரசின் அதிகாரிகளதும் பொலிஸாரதும் இடுப்பில் நெடுங்காலம் தொங்கிய வெப்லி றிவோல்வர், பர்மிங்ஹாம் நகரின் துப்பாக்கிக் கைவினைஞர் வாழ்ந்த ஒடுங்கிய தெருக்களிற் பிறந்தது. அங்கே ஒருவர் குழல் துளைப்பார், மற்றொருவர் பூட்டுச் செய்வார், வேறொருவர் கைப்பிடி செதுக்குவார். எல்லாவற்றையும் பொருத்தித் தம் பெயரைப் பொறிப்பவர் இன்னொருவர். இத்தகைய ஏற்பாட்டிற் பொறித்தவரின் நாணயத்தை மாத்திரம் நம்புவது போதாதென்று கண்டே, 1813இல் அந்நகரில் பாராளுமன்றச் சட்டத்தின்படி ஒரு சோதனைச் சாலை ஏற்படுத்தப்பட்டது. வழக்கத்துக்கு மேற்பட்ட மருந்தை இட்டு வெடித்துப் பார்த்து, பிளவாமல் நின்ற குழலுக்கே அங்கு முத்திரை குத்தினர். முதலாளி எவராயினும் அவருக்குக் கட்டுப்படாத ஒரு மூன்றாம் தரப்பு நின்று தரத்துக்குச் சாட்சி கூறிய ஏற்பாடு இது.

1887இல் பிரித்தானிய இராணுவம் 0.455 அங்குல வெப்லி றிவோல்வரை ஏற்றுக்கொண்டது. மேலிருந்து மடங்கித் திறப்பதும், திறந்த மாத்திரத்தில் வெற்று ரவைக்கோதுகளைத் தானே வெளித்தள்ளுவதும் அதன் விசேஷங்கள். 1897இல், அக்காலத்திற் கீர்த்தி பெற்ற வேட்டைத் துப்பாக்கிக் கம்பனியாகிய ஸ்கொற் முதலியவற்றோடு வெப்லி இணைந்து, வெப்லி அன்ட் ஸ்கொற் என்னும் புதிய கம்பனி உருவாகியது. குடும்ப உடைமையின் அந்திமம் இதுவென்று கொண்டால், பிரியர்களின் கொள்கைப்படி வீழ்ச்சி இங்கிருந்து தொடங்கியிருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. முதலாம் உலக யுத்தத்தின் சேற்றுக் குழிகளிற் பெரும்புகழ் ஈட்டிய ஆறாம் மாதிரி 1915இலேயே, இணைப்புக்குப் பதினெட்டாண்டுகளின் பின்னரே, வெளிவந்தது. பட்டறை அதே நகரில் இருந்தது; கைகளும் அவையே. பங்குப் பத்திரங்கள் மாறியதைக் குழல் துளைத்தவன் அறிந்திருப்பானோ என்பதுகூடச் சந்தேகம்.

யுத்தத்தின் பின் நிகழ்ந்த ஒரு விவகாரம் நம் விசாரணைக்கு மிகவும் உபயோகமானது. இராணுவம் இலேசான 0.38 றிவோல்வர் வேண்டுமென்றபோது வெப்லி தன் வரைபுகளோடு முன்வந்து உதவியது. அரசாங்கமோ அதை ஒட்டிய ஒரு மாதிரியைத் தன் சொந்த ஆயுதசாலையாகிய என்பீல்ட்டிலேயே செய்வித்துக்கொண்டது. வெப்லி வழக்காடித் தோற்றது. பின்னர், கண்டுபிடிப்பாளருக்கு நட்டஈடு வழங்கும் அரச ஆணைக்குழு 1,250 பவுணைக் கொடுக்குமாறு பணித்தது. இவ்வாறு ஏறக்குறைய ஒரே வடிவமைப்பு, தனியார் கம்பனி ஒன்றின் கையிலும் அரசாங்க ஆயுதசாலையின் கையிலும் சமகாலத்தில் இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் அவசரத்தில் இருதரப்பும் நேர்த்தியைக் குறைக்க நேர்ந்தபோது, அரசாங்கத் தரப்பு உற்பத்தியை விரைவுபடுத்துவதற்காகக் குதிரைத் தடுப்பையே நீக்கிய ஒரு மாதிரியை வெளியிட்டது. கீழே விழுந்தால் தானாக வெடிக்கக்கூடிய ஆபத்து அதில் இருந்தமையால் யுத்தத்தின்பின் அவை திரும்பப் பெற்றுத் திருத்தப்பட்டன. வெப்லியோ மெருகு குறைந்த தன் துப்பாக்கிகளின் மேல் ‘யுத்தகால மெருகு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை அடித்து அனுப்பியது.

இவ்விரு சொற்களில் ஒரு வியாபார நாணயம் முழுவதும் அடங்கியிருக்கிறதென்பது என் அபிப்பிராயம். யுத்தம் முடியும், சமாதான காலத்து வாடிக்கையாளன் மீண்டும் கடைக்கு வருவான், அன்று இந்தக் கரடுமுரடான உருக்கைக் கண்டு நம்மைப் பழிப்பான் என்று அஞ்சியவரே அப்படி எழுதுவர். அரசாங்க ஆயுதசாலைக்கு அத்தகைய வாடிக்கையாளன் இல்லை. அவனிடமிருந்து வரக்கூடிய அச்சமும் இல்லை. ஆதலால் அரச உடைமை தாழ்ந்தது, தனியார் உடைமை உயர்ந்தது என்று முடிவுகட்ட இதை உபயோகிக்கலாகாது. மறுத்துவிட்டுப் போகக்கூடிய ஒருவனை எதிர்பார்த்திருந்ததா இல்லையா என்பதே இருதரப்புக்கும் இருந்த வேற்றுமை.

பிற்காலத்துக் கதையைச் சுருக்கிச் சொல்லலாம். 1950களின் இறுதி தொட்டு வெப்லி வேறு வேறு வியாபாரக் குழுமங்களின் சொத்தாயிற்று. 1979இல் சுடுகலன் உற்பத்தி நின்று, காற்றுத் துப்பாக்கிகள் மட்டும் எஞ்சின. 2005இன் இறுதியிற் பர்மிங்ஹாம் தொழிற்சாலையும் மூடப்பட்டது. பெயரை வேறொரு கம்பனி வாங்க, அப்பெயர் தாங்கிய காற்றுத் துப்பாக்கிகள் துருக்கியிற் செய்யப்படலாயின. இதைக் கண்டு, கைமாறியதாற் கெட்டது என்று கூறுவோர் காரணத்தையும் காரியத்தையும் இடம்மாற்றுகின்றனர். பேரரசு சுருங்கிற்று, யுத்தத்தில் மிஞ்சிய றிவோல்வர்கள் சந்தையில் மலிந்து கிடந்தன, இராணுவங்கள் தன்னியக்கப் பிஸ்ரலுக்கு மாறிவிட்டன. வாங்குவோர் அற்றமையாலேயே வெப்லி கைமாறியது. நோயாளி வைத்தியரை மாற்றிக்கொண்டேயிருந்ததனால் இறந்தான் என்பதுபோலவே இவ்வாதமும்.

4. அமெரிக்கச் சாட்சியம்

உடைமை மாற்றமே வீழ்ச்சிக்குக் காரணமென்ற கொள்கைக்குப் பலத்த சாட்சியம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அதை உடைக்கும் சாட்சியமும் அங்கிருந்தே வருகிறது.

கொல்ற் கம்பனி 1955இல் பென்-டெக்சஸ் என்னும் பல்தொழிற் குழுமத்தின் வசமாயிற்று. அதே 1955இலேயே, அக்கம்பனி செய்த றிவோல்வர்களில் மிகவும் போற்றப்படுவதாகிய பைதன் வெளிவந்தது. ஒவ்வொரு துண்டையும் தேர்ந்த கைவினைஞன் அரத்தால் தேய்த்துப் பொருத்தவேண்டிய பழைய உள்ளமைப்பை உடையது அது. அதன் விசைவில்லின் இழுவை பட்டுப்போன்றதென இன்றும் புகழ்வர். புது முதலாளியின் காலத்துப் பொருளாயினும் பழைய கைகளின் ஆக்கம். சங்கடம் பின்னரே வந்தது. 1986இற் தொடங்கி நான்காண்டு நீடித்த தொழிற்சங்க வேலைநிறுத்தத்தின்போது, அனுபவமுள்ளோர் வாயிலுக்கு வெளியே நிற்க, புதியவரைக் கொண்டு இயந்திரங்கள் ஓட்டப்பட்டன. இதற்கிடையே 1988இல் அமெரிக்க இராணுவத்தின் எம்-16 துவக்கு ஒப்பந்தம் எவ்.என். என்ற பெல்ஜியக் கம்பனிக்குப் போயிற்று. 1992இல் கொல்ற் வங்குறோத்துப் பாதுகாப்பை நாடியது. ஒப்பந்தம் கைநழுவியதில் விலைக்கும் பங்குண்டாதலால் தரத்தையே முழுக் காரணமாக்குவது நியாயமன்று. ஆயினும் அந்த நான்காண்டிற் கம்பனி இழந்தது பணத்தை மட்டுமன்று. 2021இல் செக் தேசத்து சி.இசற். குழுமம் அதை வாங்கியது.

ஸ்மித் அன்ட் வெஸ்ஸனின் கதை இன்னும் நுட்பமானது. 1960களின் நடுவில் வெஸ்ஸன் குடும்பத்திடமிருந்து பங்கோர் புன்ரா என்னும் குழுமத்திடம் அது சென்றது. அந்தக் குழுமத்தின் காலத்துப் பொருட்களைச் சேகரிப்போர் இன்றும் ஒருபடி தாழ்த்தியே மதிப்பர். 1982இல் குழலை ஆணியிட்டு இறுக்கும் பழைய முறை கைவிடப்பட்டதை அவர்கள் உதாரணம் காட்டுவர். ஆனால் ஆணி இல்லாமலே இறுக்கிப் பூட்டும் மரை நன்றாகவே நிற்கிறது. அங்கே குறைந்தது செலவும் பார்வைக்கான இலட்சணமும் ஆகலாம், வலிமை என்று நிரூபிக்க இயலாது. இதற்கும் மேலான சாட்சியம் பின்னர் கிடைத்தது. 1987இல் 11 கோடி 25 இலட்சம் டொலருக்கு பிரித்தானிய டொம்கின்ஸ் குழுமம் இக்கம்பனியை வாங்கியது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில், கிளின்ரன் அரசாங்கத்துடன் துப்பாக்கிப் பாதுகாப்புக் குறித்து ஓர் உடன்படிக்கையிற் கம்பனி கையொப்பமிட்டது. வாடிக்கையாளர் கொதித்தெழுந்து பகிஷ்கரித்தனர். 2001 மேயில், கடன்களை ஏற்பதோடு 1 கோடி 50 இலட்சம் டொலரே கொடுத்து வேறொருவர் அதை வாங்க முடிந்தது. இவ்விடைக்காலத்தில் ஸ்பிறிங்பீல்ட் தொழிற்சாலையில் உருக்கு மாறவில்லை, இயந்திரமும் மாறவில்லை. தரம் இருந்த இடத்திலேயே இருக்க, கியாதி மட்டும் சரிந்தது. உடைமை அமெரிக்கருக்குத் திரும்பியதும் மெல்ல எழுந்தது. தரமும் கியாதியும் வெவ்வேறு கயிறுகளில் தொங்குபவை என்பதற்கு இதனினும் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை.

மறுதலையான உதாரணம் றெமிங்ரன். 2007இல் செர்பிரஸ் என்ற தனியார் முதலீட்டு ஸ்தாபனம் இக்கம்பனியைக் கையகப்படுத்தி, மார்லின் என்ற பழைய துவக்குக் கம்பனியையும் அதனுடன் சேர்த்தது. மார்லினின் கனெக்ரிகட் தொழிற்சாலை 2011இல் மூடப்பட்டு, இயந்திரங்கள் நியூயோர்க் மாநிலத்து இலியனுக்குக் கொண்டுசெல்லப்பட்டன, தொழிலாளர் கொண்டுசெல்லப்படவில்லை. தசாப்தக்கணக்காகத் தேய்ந்த அவ்வியந்திரங்களை எப்படித் தட்டி, எங்கே ஒரு தகட்டை இடையிற் செருகி, எந்த ஓசை கேட்டால் நிறுத்தி ஓட்டவேண்டுமென்பது வரைபடங்களில் எழுதப்பட்டிருக்கவில்லை; வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் கையிலேயே அது இருந்தது. கோணலாகப் பூட்டிய குறிமுனைகளும் பொருந்தாத மரங்களும் சந்தைக்கு வந்தன. இரு பெயர்களையும் ஒட்டி ‘றெம்லின்’ என்று வாங்கியவர் இட்ட ஏளனப் பெயர் இன்றும் வழங்குகிறது. கைத்துப்பாக்கியிலும் இதே கம்பனிக்கு இதே கதி: 2014இல் வெளியிட்ட ஆர்-51 பிஸ்ரலை அவ்வாண்டுக்குள்ளேயே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2020இல் கம்பனி வங்குறோத்தாகிப் பிரித்து விற்கப்பட்டபோது மார்லினின் பெயரை வாங்கிய றூகர், உடனே சந்தைக்கு விரையாமல், ஓராண்டுக்கு மேல் செலவிட்டுப் புதிதாக உற்பத்தியை ஒழுங்குசெய்த பின்னரே துவக்குகளை வெளியிட்டது, பெயரும் மீண்டது. செர்பிரஸும் கம்பனி, றூகரும் கம்பனி. ஒருவருக்கு மார்லின் என்பது விரைவிற் பணமாக்க வேண்டிய பத்திரம். மற்றவருக்கு அது ஒரு பட்டறை.

ஆதலால் நான் கொள்ளும் பிரமேயம் இது: தரம் பட்டறையில் வசிக்கிறது, கியாதி பெயரில் வசிக்கிறது, தரம் மாறிய பின்னரும் கியாதி சில காலம் பழைய நிலையிலேயே நிற்கும். அந்த இடைக்காலம் விற்பனைக்குரிய ஒரு சொத்து. பெயருள்ள கம்பனியை வாங்குபவர் பல சமயங்களில் வாங்குவது அதையே.

5. கான்பூரும் சந்தீலாவும்

இனி நமக்கு அண்மையதாகிய இந்தியாவுக்கு வருவோம். அங்கே வேறெங்கும் காணக்கிடையாத ஒரு நிலைமை இருந்தது. 1980களின் நடுப்பகுதி தொட்டுப் பொதுமக்களுக்கான சுடுகலன் இறக்குமதி ஏறத்தாழ நின்றுவிட்டது, 0.38, 9 மில்லிமீற்றர் முதலிய அளவுகள் சாதாரண அனுமதிப்பத்திரத்துக்குத் தடைசெய்யப்பட்டவை. முக்கியமாக எஞ்சியது 0.32. அதைச் செய்தது அரசாங்கத்தின் ஆயுதத் தொழிற்சாலைகள் மாத்திரமே. கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை 1990களில் வெளியிட்ட 0.32 றிவோல்வர், பழைய வெப்லியின் நான்காம் மாதிரியைத் தழுவியது. மேலிருந்து மடங்கித் திறக்கும் அதே அமைப்பு. 2014இல் பெண்களுக்கென விளம்பரப்படுத்தப்பட்டு, தைற்றேனியக் கலப்புலோகத்தில் அரைக் கிலோ நிறையில், ஒரு இலட்சத்து இருபதினாயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட விலையில் வந்த ‘நிர்பீக்’ என்பதும் அதே வம்சம். உருளை பக்கவாட்டில் வெளியே சாயும் அமைப்பை ஸ்மித் அன்ட் வெஸ்ஸன் 1896இலேயே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டதென்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

இதே சமயம் தடைக்கு முன் இறக்குமதியான பழைய வெப்லிகள் இந்தியாவிற் பலமடங்கு விலைக்குக் கைமாறின. வேலைப்பாட்டின் உயர்வுக்கு இதுவே அத்தாட்சி என்பாருண்டு. முற்றாக ஒப்புவதற்கில்லை: அவ்விலையில் அபூர்வத்துக்கு ஒரு பங்கு, சீமைப் பொருள் என்ற அந்தஸ்துக்கு ஒரு பங்கு, வேலைப்பாட்டுக்கு ஒரு பங்கு, இவற்றைப் பிரித்தளக்கும் தராசு எவரிடமும் இல்லை. ஆனால் ஒன்றைத் துணிந்து கூறலாம். வேறெதையும் வாங்க முடியாதவனிடம் விற்கும் உற்பத்தியாளனுக்கு நற்பெயரால் இலாபமும் இல்லை, அபகீர்த்தியால் நட்டமும் இல்லை. அத்தகைய சந்தையில் உடைமை யாருடையது என்ற கேள்விக்கே வலு குறைந்துவிடுகிறது.

பின் இரு மாற்றங்கள் அடுத்தடுத்து நேர்ந்தன. தனியார் உற்பத்திக்கு வழி திறக்கப்பட, வெப்லி அன்ட் ஸ்கொற் என்ற பெயர் லக்னோவைச் சேர்ந்த சியால் கம்பனியுடன் கூட்டுச் சேர்ந்து, உத்தரப் பிரதேசத்துச் சந்தீலாவில் 0.32 றிவோல்வர் செய்ய 2020இல் வந்து சேர்ந்தது. 2021 அக்டோபர் 1இல், நாற்பத்தொரு தொழிற்சாலைகளை ஆண்டுவந்த ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசுக் கம்பனிகளாக்கப்பட்டது. கான்பூரும், 1966இல் நிறுவப்பட்ட திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலையும் அவற்றுள் ஒன்றின்கீழ் வந்தன. தொழிற்சங்கங்கள் 2019 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தன. 2021இல் அத்தகைய நிறுத்தத்தையே தடைசெய்யும் சட்டம் பிறந்தது. கொல்ற் கம்பனியின் நான்காண்டை நினைவிற் கொள்வோர், தொழிலாளியின் சம்மதமின்றி நிகழ்ந்த இவ்வுடைமை மாற்றத்தை நிம்மதியோடு நோக்க மாட்டார்கள்.

2023இல் அந்த அரசுக் கம்பனி ‘பிரபல்’ என்ற றிவோல்வரை அறிமுகப்படுத்தியது. உருளை பக்கவாட்டிற் சாயும் முதல் இந்திய றிவோல்வர் அது. கம்பனியாக்கியதன் பலன் என்று இதை ஆதரவாளர் கொண்டாடுவர். போட்டியாளர் ஒருவர் முன்னரே சந்தைக்கு வந்துவிட்டார் என்பதை அவர்கள் சொல்வதில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்தமையால் எது காரணம் என்று அறுதியிட இயலாதெனினும், மேற்கண்ட சாட்சியங்களின்படி வாங்குபவனுக்குக் கிடைத்த தெரிவுக்கே நான் கூடிய நிறை கொடுப்பேன். சந்தீலாவின் வெப்லியைப் பொறுத்தமட்டில், அங்கே இருப்பது பர்மிங்ஹாமின் பெயர்; பர்மிங்ஹாமின் கைகள் அல்ல. அது நன்றாகவும் அமையலாம், ஆனால் அந்த நன்மை சந்தீலாவின் தொழிலாளி தேடிக்கொள்ளும் நன்மையாகவே இருக்கும். 1887 அவனுக்கு எதையும் கொடுக்கப்போவதில்லை.

இதற்கு எதிர்முனையில் நிற்கும் உதாரணம் சென்னையில் உண்டு. துப்பாக்கித் தொழிலோடு ஒட்டிய பெயரையும், ‘துப்பாக்கிபோற் செய்யப்பட்டது’ என்ற விளம்பர வாசகத்தையும் உடைய றோயல் என்பீல்ட் மோட்டார் சைக்கிளின் உற்பத்தி 1955இல் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் நிலைகொண்டது. வார்ப்பச்சுகளும் கருவிகளும் அங்கு வந்து சேர்ந்தன. கைகள் அங்கே பழகின. இங்கிலாந்தில் உற்பத்தி 1970இல் முடிந்தது, திருவொற்றியூரில் முடியவில்லை. 1994இல் ஐசர் குழுமத்தோடு இணைந்தபோதும் பட்டறை நகரவில்லை. பெயர் மட்டும் வந்த இடத்தையும், தொழில் வந்த இடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேற்றுமை விளங்கும்.

6. பரந்தன்

நம் கிளிநொச்சி மாவட்டத்திலேயே இப்பிரச்சினையின் மிகத் துலக்கமான வடிவம் நிற்கிறது. அது துப்பாக்கியன்று, குளோரின். 1950களில் அரசாங்கம் பரந்தனில் அமைத்த இரசாயனத் தொழிற்சாலை, அருகிலிருந்த ஆனையிறவு உப்பைக் கரைத்து, அக்கரைசலில் மின்னோட்டம் செலுத்தி, எரிசோடாவையும் குளோரினையும் பிரித்தெடுத்தது. 1985இல் யுத்தம் அதை நிறுத்தியது. கட்டடங்கள் குண்டுகளாற் சிதைந்தன. கூரையற்ற சுவர்களை ஏ-9 வீதியாற் செல்வோர் இன்றும் காணலாம். ஆனால் பரந்தன் கெமிக்கல்ஸ் என்னும் அரச கம்பனி மறையவில்லை. கொழும்பிலிருந்து இயங்கி, குளோரினை இறக்குமதி செய்து, நாட்டின் குடிநீரைச் சுத்திகரிக்க விநியோகிக்கிறது. அப்பெயரை நம்புவோர் ஏமாற்றப்படுகின்றனர் என்று நான் கூறவில்லை; குளோரின் குளோரினே. பெயர் தொழிலின்றியும் நாற்பதாண்டு வாழும் என்பதை மாத்திரம் கவனிக்கச் சொல்கிறேன்.

2025 மார்ச்சில் ஆனையிறவு உப்புத் தொழிற்சாலை மீளத் திறக்கப்பட்டு, அதன் உப்புப் பொதி ‘ரஜ லுணு’ என்ற சிங்களப் பெயரோடு வந்தபோது இப்பகுதியில் எழுந்த ஆட்சேபத்தையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். மொழியுணர்வு மட்டுமே அதற்குக் காரணமென்று சிலர் எழுதினர். உப்பு எங்கே விளைகிறதோ அந்த இடத்தின் கியாதி, உடைமையாளராகிய அரசாங்கம் வேறு பெயரிட்டதும் வேறொருவர் கணக்கிற் போய்விடும் என்ற நியாயமான வியாபார அச்சமும் அதில் இருந்தது. வெப்லி தன் வரைபுகளுக்காக வழக்காடியதும் ஏறக்குறைய இதற்காகவே.

பரந்தனிற் கைத்தொழில் வலயம் அமைப்பது பற்றி அரசாங்கம் இப்போது பேசிவருகிறது. எந்தக் கம்பனி வரும், பங்குகள் யாரிடம் இருக்கும் என்று விசாரிப்பதில் நமது பிரதிநிதிகள் காட்டும் ஆர்வம் வேண்டியதே. அதற்குமுன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. 1985இற்கு முன் அத்தொழிற்சாலையின் மின்பகுப்புக் கலங்களுக்கருகில் நின்று வேலைசெய்தவர்கள் இன்று கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் முதுமையில் இருக்கின்றனர். உப்பு நீரை எப்படித் தெளிவித்தார்கள், குளோரின் கசிந்தால் முதலில் எந்த வால்வை மூடினார்கள், ஆனையிறவின் எந்தப் பருவத்து உப்பு எதற்கு உகந்ததாயிருந்தது என்பவற்றை அவர்களிடமிருந்து கேட்டு எழுதிவைக்கும் காரியத்தை, பழைய மாணவர் சங்கங்களும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகமும் தாமதமின்றி மேற்கொள்ளல் வேண்டும். அவர்களுக்கு இப்போது அறுபதும் எழுபதும் கடந்துவிட்டது.